நன்னிலத்துக்குக் கீழே குடவாசல்: டெல்டாவில் ஐந்து நாள்

முதல் நாள்: திருச்சி, காரை, சாத்தனூர்

காலை ஆறரைக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஒரு காப்பி குடித்துவிட்டு, மலைக்கோட்டையைக் கீழே நின்றே பார்த்தேன். ஏறவில்லை. 83 மீட்டர் உயரப் பாறை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது உச்சிப்பிள்ளையார் இருக்கும் மலை. எனக்கு அது டெல்டாவின் தரை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த வகைப் பழம்பாறைதான் கிழக்கே போகப் போக மண்ணுக்குள் இறங்குகிறது. தஞ்சாவூர் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாது. சில பள்ளங்களில் 5 கிலோமீட்டருக்கும் கீழே போய்விடும். அதற்கு மேல் நிரம்பிக் கிடக்கும் மணலும் களியும் சுண்ணாம்பும்தான் நாம் நடவு போடும் ஊர்.

நான் எட்டு வருஷம் திரிபுராவில் எண்ணெய், எரிவாயு ரிக்குகளில் மட் லாகிங் வேலை பார்த்தவன். துளை போடும்போது சேற்றோடு மேலே வரும் பாறைத் துணுக்குகளைச் சல்லடையில் கழுவி, நுண்ணோக்கியில் பார்த்து, எந்த ஆழத்தில் என்ன பாறை என்று எழுதுகிற வேலை. அங்கே வடக்குத் தெற்காக மலைத்தொடர்கள் வரிசை கட்டி நிற்கும். மேற்கிலிருந்து பாராமுரா, அத்தாராமுரா, லாங்தராய், சாக்கான், கடைசியில் ஜம்புய். கிழக்கே போகப் போக உயரம் கூடும். ஒவ்வொரு மலையும் ஒரு மேல்மடிப்பு, இடையில் இருக்கும் பள்ளத்தாக்கு ஒவ்வொன்றும் கீழ்மடிப்பு. இந்தியத் தட்டு பர்மாவுக்கு அடியில் நெட்டித் தள்ளியதில் மடங்கிய பூமி. எரிவாயு எங்கே இருக்கலாம் என்று மலையைப் பார்த்தே பேச்சை ஆரம்பித்துவிடலாம்.

சொந்த ஊர் குடவாசல் பக்கம். தைக் கடைசி, மாமா வீட்டில் சம்பா அறுப்பு. அந்தச் சாக்கில், டெல்டாவுக்கு அடியில் புதைந்திருக்கிற மேடுகளையும் எண்ணெயையும் தேடி ஐந்து நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

காரை, பாடாலூரிலிருந்து கிழக்கே உள்ளே போக வேண்டும். பஸ் வரும் நேரத்தை நம்பாமல் ஆட்டோ பேசினேன். ஊரைத் தாண்டினதும் நிலம் திடீரென்று கிழிந்தமாதிரி ஆகிவிடுகிறது. செம்பழுப்பும் சாம்பலுமாகக் களிப்பாறை, மழைநீர் அரித்து அரித்து ஓடைகளாகப் பிளந்து கிடக்கிறது. புல் பூண்டு கிடையாது. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் இது கடலடிச் சேறு. குனிந்தால் போதும், கையில் ஏதாவது சிக்கும். எனக்கு முதலில் சிக்கியது ஜிப்சம் தகடு. கண்ணாடி மாதிரி, நகத்தால் கீறினால் கோடு விழுகிறது, வெயிலில் பிடித்தால் உள்ளே நார்நாராக ஒளி ஓடுகிறது. அப்புறம் ஒரு பெலம்னைட், விரல் நீளம், துப்பாக்கித் தோட்டா போல ஒரு முனை கூர். கணவாய் மீனுக்குச் சொந்தக்கார உயிரினத்தின் உள்ளோடு. இரண்டையும் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டேன். அள்ளிக்கொண்டு போகிறவர்களால்தான் அந்த இடம் தேய்கிறது.

நான் அங்கே போனது புதைபடிவத்துக்காக இல்லை. ஏறக்குறைய இதே காலத்துக் களிப்பாறை டெல்டாவுக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் இருக்கிறது. அங்கே அது சூட்டில் வெந்து எண்ணெய் விட்டிருக்கிறது. இங்கே படுகையின் மேற்கு ஓரம் என்பதால் வெந்ததே இல்லை, பச்சையாகவே வெளியே கிடக்கிறது. வேகாத இட்லி மாவைத் தட்டில் பார்க்கிற மாதிரி.

சாத்தனூர் கல்மரத்தையும் பார்த்தேன். 18 மீட்டர் நீளத்தில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது என்று சொல்வார்கள். கம்பி வேலிக்குள் வைத்திருக்கிறார்கள், நல்லது. உள்ளே இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள்: கல்லணை, தஞ்சாவூர், கும்பகோணம்

இன்று பெரும்பாலும் பஸ்ஸிலேயே போயிற்று.

கல்லணையில் தண்ணீர் கொஞ்சம்தான். கொள்ளிடம் வெறும் மணல். எங்கள் ஊரில் படுகை என்றால் ஆற்றங்கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் வாழை போடும் தாழ்ந்த நிலம். புவியியல்காரர்கள் சொல்லும் காவிரிப் படுகை அதைவிடக் கொஞ்சம் பெரிசு: தரையில் மட்டும் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர், அதற்கப்புறம் கடலுக்குள்ளும் நீள்கிறது. இந்தப் பெயரால் ஒரு குழப்பமும் உண்டு. காவிரி கொண்டுவந்து கொட்டியதுதான் இவ்வளவும் என்று பலர் நினைக்கிறார்கள். காவிரி கடைசியாக வந்து மேலே ஒரு பூச்சு பூசியது, அவ்வளவுதான். குழி வெட்டியது காவிரி இல்லை.

சுமார் 15 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தன, கோண்டுவானா. அது பிய்யத் தொடங்கியபோது இந்தக் கரையோரம் வடகிழக்குத் தென்மேற்காக வெடித்து, பாளம் பாளமாக உடைந்தது. சில பாளங்கள் கீழே இறங்கின, சில அப்படியே நின்றன. இறங்கியவை பள்ளம், நின்றவை மேடு. அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், தஞ்சாவூர்ப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம், தெற்கே ராமநாதபுரம்–பாக் விரிகுடாப் பள்ளம். நடுவில் மேடுகள்: கும்பகோணத்திலிருந்து மாதானம் வழியாகப் பரங்கிப்பேட்டை வரை ஒன்று, பட்டுக்கோட்டையிலிருந்து மன்னார்குடி வழியாகக் காரைக்கால் வரை இன்னொன்று. அப்புறம் வேதாரண்யம் பக்கமும் ஒரு மேடு.

மாலையில் மகாமகக் குளப் படியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கீழே ஒரு மலைத்தொடர் புதைந்து கிடக்கிறது. மேலே பாத்திரக் கடை, வெற்றிலைக் கடை, டிகிரி காப்பி. திரிபுராவில் மேலே ஏறி நின்றால் மடிப்பு தெரியும். இங்கே சைக்கிள் மிதித்தால்கூட ஏற்றம் தெரியாது.

இரண்டுக்கும் வித்தியாசத்தை ஒருவருக்குக் காட்ட வேண்டுமென்றால் நான் கோரைப்பாயைத்தான் காட்டுவேன். பாயின் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் தள்ளினால் அலை அலையாக எழும். அது மடிப்பு மலை. அதே பாயைத் தள்ளாமல், அடியில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு மேலே விரித்தாலும் ஒரு மேடு வரும். அது டெல்டா. செங்கல்தான் புதைந்த பாளம், பாய்தான் அதன் மேல் படிந்த அடுக்குகள். யாரும் நெருக்கவில்லை, அடியில் இருக்கிற கல்லின் உருவம் மேலே வாங்கியிருக்கிறது. எண்ணெய்க்கு இரண்டும் ஒன்றுதான். தண்ணீரைவிட லேசு, மேலே ஏறும், கவிழ்ந்த சட்டி கிடைத்த இடத்தில் தங்கும்.

மூன்றாம் நாள்: குடவாசல், நன்னிலம், கமலாபுரம்

இன்று மாமா வீட்டில்தான். விடிகாலையிலேயே அறுவடை மெஷின் சத்தம். பஞ்சாப் பக்கத்து டிரைவர், தமிழில் "ஓரமா போங்க" மட்டும் சுத்தமாகச் சொல்கிறார்.

சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை, "எதுக்குப்பா இந்த வெயில்ல ஊர் ஊரா அலையுற?" என்றார்கள். நான் எண்ணெய் தேடுகிறவர்கள் பூமிக்குள் இருக்கும் அடுக்குகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைச் சொன்னேன். கிணறு போட்டபோது எந்த ஊர்ப் பக்கத்தில் அந்த அடுக்கு நன்றாகத் தெரிந்ததோ அந்த ஊர்ப் பெயர். ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், பரங்கிப்பேட்டை, கமலாபுரம், காரைக்கால், திருப்பூண்டி, நிரவி, சீயாழி, திட்டச்சேரி. மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மயிலாடுதுறை டவுன் பஸ் கண்டக்டர் சொல்வது மாதிரி இருக்கிறதாம்.

"எங்க ஊரு எங்க வருது?"

"குடவாசல் களிப்பாறை. அதுக்கு மேல நன்னிலம் அடுக்கு, மாமா."

அத்தைக்கு நன்னிலம்தான் பிறந்த ஊர். ரசம் ஊற்றிக்கொண்டே, "பூமிக்குள்ளயும் நாங்கதான் மேல" என்றார்கள். மாமா அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த வரிசையில் விஷயம் இருக்கிறது. ஆண்டிமடம், சாத்தப்பாடிக் களிகள் அடியில். எண்ணெய் உண்டாவது பெரும்பாலும் அங்கே. புவனகிரி, நன்னிலம், கமலாபுரம் மணல்கள் அதற்கு மேல். எண்ணெய் வந்து தங்குவது அவற்றில். நடுவில் குடவாசல் மாதிரியான களிகள் மூடி. அடுப்பு, பாத்திரம், மூடி மூன்றும் இருந்தால்தான் எண்ணெய்க் கிணறு. ஒன்று இல்லாவிட்டாலும் துளை போட்ட பணம் போச்சு.

பத்து மணிக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனோம். மாமாவின் நெல் ரோட்டோரம் தார்ப்பாயில் கொட்டிக் கிடக்கிறது. ஒருவர் கைக்கடக்கமான ஈரப்பத மீட்டரோடு வந்தார். ஒரு பிடி நெல்லை எடுத்து உமி, தூசு ஊதினார். குப்பியில் போட்டு மூடியைத் திருகி அழுத்தினார். எண் ஓடி நின்றது: 18.4. எல்லை 17. தலையை ஆட்டிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விட்டார். மாமா ஒன்றும் சொல்லாமல் பலகையை எடுத்து நெல்லைக் கிளறி விட்டார். வெயில் இருந்தது, மேகமும் இருந்தது.

டீக்கடையில்தான் கேட்டார். "ஏன் மாப்ளே, எண்ணெய் கீழ ஏரி மாதிரி நிக்குமா? உறிஞ்சுனா வெற்றிடமாப் போயி ஊரு உள்ள இறங்கிடும்ங்கிறானுவளே?"

ரிக்கில் எட்டு வருஷம் எனக்குக் கிடைக்காத உதாரணம் இப்போது கையிலேயே இருந்தது. "மாமா, இப்ப பாத்தீங்கல்ல, நெல்லுல பதினெட்டு ஈரம். அந்தத் தண்ணி கண்ணுக்குத் தெரியுதா? குளமா நிக்குதா?"

"இல்ல. நெல்லுக்குள்ளயே இருக்கு."

"அதேதான். கல்லுக்குள்ளயே இருக்கு. மணலும் மணலும் ஒட்டியிருக்கிற சந்துல. நல்ல மணற்பாறைன்னா அஞ்சுல ஒரு பங்கு சந்து. அந்தச் சந்துலதான் எண்ணெயும் உப்புத் தண்ணியும்."

மாமா கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். "அப்ப நெல்லக் காயவெச்சா நெல்லு சுருங்குதே?" சரியான கேள்வி. எண்ணெயை எடுத்தால் சந்துக்குள் இருக்கும் அழுத்தம் குறையும், தளர்ந்த மணலாக இருந்தால் கொஞ்சம் அமுங்கும், உலகத்தில் சில இடங்களில் தரை இறங்கியும் இருக்கிறது. இங்கே அடுக்கு ஆழம், பாறை இறுகியது, எடுக்கும் அளவும் சின்னது. இதைத்தான் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

மத்தியானம் பைக்கில் கமலாபுரம். எண்ணெய் இருக்கும் ஊர் என்று தெரிந்துகொள்ள அங்கே ஒன்றும் இல்லை. வாய்க்கால், உளுந்து தெளித்த வயல், தூரத்தில் சுற்றுச்சுவருக்குள் ஒரு இரும்பு உயரம். மாமா ஒரு வரப்பைக் காட்டினார். எண்பதுகளில் இந்தப் பக்கமெல்லாம் ஆட்கள் வந்து, வயலில் குழி போட்டு, வெடி வைத்து, ஒயரில் கோத்த சின்னச் சின்ன டப்பாக்களை வரப்போடு குத்திக்கொண்டே போனார்களாம். டப்பாவுக்குக் கீழே கூர் ஆணி, பூண்டு நடுகிற மாதிரி மண்ணில் அழுத்துவார்களாம். ஜியோஃபோன். வெடியின் அதிர்வு கீழே போய், ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்பும். திரும்பும் நேரத்தை வைத்து அடுக்கு எங்கே மேடு, எங்கே உடைந்திருக்கிறது என்று படம் போடுவார்கள். ஓலைக்குள் பலாப்பழம் பழுத்துவிட்டதா என்று தட்டிப் பார்க்கிற வேலைதான்.

"வெடி வெச்ச மறுவருஷம்தான் நம்ம திண்ணைல விரிசல் வந்துச்சு," என்றார். யார் வைத்தார்கள், யார் நஷ்டஈடு தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். விரிசல் இன்னும் இருக்கிறது, எறும்பு குடியிருக்கிறது. வெடியால் வந்ததா, களிமண் காய்ந்து வந்ததா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவரால் முடியும்.

நான்காம் நாள்: திருமருகல், நரிமணம், பனங்குடி, நாகூர்

நரிமணத்துக்கு மாமாவும் கூட வந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நெல்லை அத்தை பார்த்துக்கொள்வார்களாம்.

ஒரு கிணற்று வளாகத்தின் வாசலில் நின்றோம். கம்பி வேலிக்குள் கிறிஸ்மஸ் ட்ரீ தெரிந்தது, கிணற்றின் வாயில் நிற்கும் வால்வுக் கொத்துக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். ஆளுயரம், வால்வுக்கு மேல் வால்வு, பக்கத்தில் அழுத்தமானி, பெயின்ட் உரிந்த இடத்தில் துரு. மாமாவுக்கு ஏமாற்றம். இவ்வளவுதானா? செல்போனை எடுத்ததும் காவலாளி ஓடி வந்து போட்டோ எடுக்கக் கூடாது என்றார். நான் இந்தத் தொழிலில் இருந்தவன் என்று சொன்னதும் இன்னும் சந்தேகமாகப் பார்த்தார். அப்புறம் மாமாவும் அவரும் பேசிப் பேசி ஏதோ ஒரு கல்யாணத்தில் வந்து முடிந்தார்கள், சொந்தம் இல்லையென்றாலும் சொந்தம் மாதிரி. போட்டோ மட்டும் எடுக்க விடவில்லை.

எண்ணெய் தேடி இந்தப் படுகையில் ஆட்கள் அறுபதுகளிலேயே வந்துவிட்டார்கள். பெயர் சொல்லும்படி கிடைத்தது எண்பதுகளில், நரிமணம் அதில் முக்கியமானது. அப்புறம் கோவில்களப்பால், குத்தாலம், அடியக்கமங்கலம் என்று வந்தன. கோவில்களப்பால் எரிவாயுவில் திருமக்கோட்டையிலும், குத்தாலம் பக்கத்து வாயுவில் மருதூரிலும் நூறு மெகாவாட்டைக் கொஞ்சம் தாண்டிய மின்நிலையங்கள்.

ஆனால் எல்லாம் சின்னச் சின்னது. காரணம் இரண்டாம் நாள் எழுதியதுதான். பூமி உடைந்து உருவான படுகையில் மேடும் துண்டு துண்டாகத்தான் இருக்கும். நம் பாகப்பிரிவினை வயல் மாதிரி, ஒரு காணி கிடைத்தால் பக்கத்துக் காணி வேறு ஆள். மடிப்பு மலையில் கணக்கே வேறு. ஈரானில் ஜாக்ரோஸ் மலை, அரேபியத் தட்டு ஆசியாவோடு மோதி மடங்கியது. ஒவ்வொரு மேல்மடிப்பும் திமிங்கில முதுகு போலப் பத்துப் பத்துக் கிலோமீட்டராக நீளும். 1908 மே 26-இல் மஸ்ஜிது சுலைமானில் எண்ணெய் பீறிட்டது அங்கேதான். மேற்கு ஆசியாவின் எண்ணெய்க் கதை அதிலிருந்துதான் ஆரம்பம். நம் நாட்டிலும் 1889-இல் அசாமில் டிக்பாயில் எண்ணெய் எடுத்தது நாகா மலையடியின் நெருக்குண்ட மடிப்பில்தான்.

அதற்காக மடிப்பைக் கண்டால் எண்ணெய் என்று நினைத்துவிடக் கூடாது. திரிபுராவிலேயே அழகழகான மேல்மடிப்புகள் உண்டு, உச்சி அரித்து மூடி போய், உள்ளே இருந்ததெல்லாம் ஆவியாகிவிட்டவை. வாயு கிடைத்த இடங்கள் பல, அகர்தலா, ரோக்கியா, கோனாபன் எல்லாம், உயரமில்லாத மேற்குப் பக்கத்துச் சாதுவான மடிப்புகள். உயர்ந்த மலை என்றால் அதிகம் அடிபட்ட மலை என்று அர்த்தம். டெல்டாவின் மேடுகளுக்கு அந்தப் பயம் இல்லை, மேலே இவ்வளவு வண்டல் போர்த்தியிருக்கிறது. பழம்பாறை மேட்டின் விரிசலுக்குள்ளேயே வாயு தங்கியிருப்பதும் உண்டு. இந்தப் படுகையின் கடல் பகுதியில் பிஒய்-1 வயல் அப்படித்தான். மலைக்கோட்டை விரிசலில் வாயு இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

பனங்குடி சுத்திகரிப்பு ஆலை 1993-இல் வந்தது, ஆண்டுக்கு 5 லட்சம் டன். நரிமணம் எண்ணெயை நம்பி வைத்தது. பிறகு 10 லட்சம் டன் ஆனது. இப்போதைய திட்டம் 90 லட்சம் டன். டெல்டா மொத்தத்தையும் பிழிந்தாலும் அதன் ஒரு மூலைக்குப் பத்தாது, கப்பலில்தான் வர வேண்டும். ஆலை இங்கே, மலை வேறெங்கோ.

நாகூரில் அல்வா வாங்கிக்கொண்டு தர்கா குளத்தங்கரையில் உட்கார்ந்தபோது கதிராமங்கலம் பேச்சு வந்தது. 2017 ஜூன் கடைசியில் அங்கே குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது, ஊரே திரண்டது. அதே வருஷம்தான் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம். 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து, இங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு துளை போடுவதைத் தடுத்தது. பழைய கிணறுகள் ஓடுகின்றன. நான் அந்தத் தொழிலில் சோறு தின்றவன், அதனால் கொஞ்சம் சங்கடத்தோடுதான் இதை எழுதுகிறேன்: சட்டம் சரி என்றே படுகிறது. திரிபுராவில் கிணறு தப்பினால் ஒரு காட்டு மேடு கெடும். இங்கே ஒரு வாய்க்கால் கெட்டால் கடைமடை வரைக்கும் போகும். கிடைக்கிற எண்ணெயும் அதற்கு ஈடாகிற அளவில்லை.

மாமா சொன்னது வேறு. "நெல்லு வெலையும் ஈடாகுற அளவு இல்லையே மாப்ளே."

ஐந்தாம் நாள்: வேதாரண்யம், கோடியக்கரை

அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வண்டியை நிறுத்தினோம். 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய இடம். பாத்திகளில் ரோஜா நிறத் தண்ணீர், ஓரத்தில் வெள்ளைக் கட்டி. கால் வைத்தால் மொறுமொறுவென்று உடைகிறது. ஒரு பெண் நீளக் கட்டையால் உப்பை வாரி வாரி ஒதுக்கிக்கொண்டிருந்தார். காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

ஜாக்ரோஸின் எண்ணெய் வெளியே போகாமல் நிற்பதற்கு இதே சரக்குத்தான் காரணம் என்றேன் மாமாவிடம். கடல் வற்றி வற்றிப் படிந்த உப்பும் ஜிப்சமும் அங்கே சுண்ணாம்புப் பாறைக்கு மேல் கனமாகப் படிந்திருக்கிறது. மலை மடங்கும்போது களிமண் மூடியென்றால் விரிசல் விடக்கூடும். உப்பு விடாது, மாவு மாதிரி வழுக்கி விரிசலை அடைத்துக்கொள்ளும். நம் படுகையில் மூடி எல்லாம் களிதான். மடக்குகிறவன் யாரும் இல்லாததால் அதுவே போதும்.

"உப்பு அங்க எண்ணெயக் காக்குது. இங்க அது கால அரிக்குது," என்றார் அந்தப் பெண். நாங்கள் பேசியதை இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கோடியக்கரையில் பூநாரைகள் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. வெளிமான் இரண்டு ரோட்டைக் கடந்தது. கடைசியாக ராமர் பாதம். இந்தப் பக்கத்திலேயே உயரமான இடம் அதுதான் என்று சொல்வார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நாலு மீட்டர் சொச்சம், மணல் திட்டு, மேலே மண்டபம். மாமா முட்டியைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். மேலே நின்று சுற்றிலும் பார்த்தார். காடு, உப்பளம், சேறு, கடல்.

"இதான் உங்க மலையா?"

"இது இல்ல மாமா. இது மணல். அது இதுக்குக் கீழ, ரொம்ப ஆழத்துல."

அப்போதுதான் அவர் போன் அடித்தது. அத்தை. நாலே வார்த்தை பேசிவிட்டு வைத்தார். மீட்டர் 16.8 காட்டியிருக்கிறது, சாக்கு வந்தாயிற்று, எடை போடுவதற்குள் ஆள் இருக்க வேண்டும். நான் இன்னும் ஐந்து நிமிஷம் நிற்கலாம் என்று பார்த்தேன். மாமா அதற்குள் படி இறங்கி வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.